மனு எழுதக் கற்றுக்கொண்ட வருஷம்

நான் எழுதிய முதல் மனு சிவப்பு மையோடு திரும்பி வந்தது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அடிக்கப்பட்டிருந்த சொற்கள் வேறு: ‘தாழ்மையுடன்’, ‘கருணை கூர்ந்து’, ‘படிப்பறிவற்ற’, ‘பாவப்பட்ட’. கடைசி வரியில் ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள’ என்பதன் மேல் இரட்டைக் கோடு.

“இது யாருக்கு?” என்றார் அக்கா.

“ஆர்.டி.ஓ.வுக்கு.”

“அவரு சொந்தக் காசுல சர்டிஃபிகேட் அடிச்சுத் தர்றாரா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“அப்புறம் ஏன் பிச்சை கேக்கற? ‘கோருகிறேன்’னு எழுது. அந்த ஒரு வார்த்தை போதும்.”

2022 ஜூலை. எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாம் ஆண்டு. வாரத்தில் இரண்டு நாள் களப்பணிக்காக வட மாவட்டம் ஒன்றில் ஒரு சிறு தொண்டு நிறுவனத்துக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். அங்கே எனக்குப் பொறுப்பாளர் அக்கா. இருபது வருஷமாக இருளர் பழங்குடியினரின் குடியிருப்புகளில் வேலை பார்ப்பவர். சமூகப் பணியில் பட்டம் எதுவும் வாங்கியவர் இல்லை. எனக்கு அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

முதல் பாடம் மனுவுக்கும் முந்தையது. ஏரிக்கரைக் குடியிருப்புக்கு என்னைக் கூட்டிப்போன அன்று, ஒரு பெரியவர் பக்கத்துத் தெருவில் ஓடிப்போய் பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கி வந்தார். நான் உட்காரப் போனேன். அக்கா தரையில் உட்கார்ந்து, “தாகமா இருக்கு, தண்ணி குடுங்க” என்றார். பெரியவர் தயங்கினார். “கடையில சோடா வாங்கியாரட்டுமா சாமி?” “உங்க பானைத் தண்ணிதான் வேணும்.” அலுமினியச் சொம்பில் வந்த தண்ணீரை அக்கா குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். ஊர்க்காரர்கள் அந்த வீடுகளில் தண்ணீர் குடிப்பதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நாற்காலி வெயிலில் காலியாகவே கிடந்தது.

பொருள்

பெரியவரின் பேத்தி அந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். கல்லூரிக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு உள்ளது 1 சதவீதம். அந்த ஒன்றுக்குள் நுழைய ஒரு தாள் வேண்டும். பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. வருவாய்க் கோட்டாட்சியரோ (ஆர்.டி.ஓ.) சார் ஆட்சியரோதான் தர வேண்டும். இ-சேவை மையத்தில் பதிந்த விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. காரணம்: பெற்றோரின் சான்றிதழ் இணைக்கப்படவில்லை. பெற்றோருக்குச் சான்றிதழ் இல்லை. அவர்கள் பள்ளிக்கே போனதில்லை என்பதால் யாரும் கேட்டதும் இல்லை.

என் சாதிச் சான்றிதழுக்கு அப்பா ஒரே ஒரு தடவை தாலுகா ஆபீஸ் போய் வந்தார். இந்தப் பெண்ணுக்காக நான் ஒரு மாதத்தில் ஐந்து தடவை போனேன். வகுப்பில் படித்த ‘கேஸ் ஒர்க்’ முழுவதையும் அவள் வீட்டில் இறக்கினேன். மேரி ரிச்மண்ட் 1917-ல் எழுதிய ‘சோஷியல் டயக்னோசிஸ்’ வகுத்த வழியில் வீட்டு வரலாறு, வருமானம், உறவுகள், சாட்சியங்கள் எல்லாம் தொகுத்தேன். டிபார்ட்மென்டில் என் பதிவேட்டை மற்ற மாணவர்களுக்கு எடுத்துக் காட்டினார்கள். சான்றிதழ் மட்டும் வரவில்லை.

ஐந்தாம் முறை வெறுங்கையோடு திரும்பிய சாயந்திரம் அக்கா மனுவை எடுத்துப் பார்த்தார். பொருள் என்ற இடத்தில், ‘செல்விக்குப் பழங்குடியினர் சான்றிதழ் வழங்கக் கோருதல் சார்பாக’ என்று இன்னாருடைய மகள் என்ற விவரத்தோடு எழுதியிருந்தேன்.

“இது அந்தப் பிள்ளையோட பிரச்சினையா?”

“ஆமாக்கா.”

“பக்கத்து வூட்ல கேட்டியா?”

கேட்கவில்லை. ஒரு வீட்டை அவ்வளவு ஆழமாகத் தோண்டிய நான் அடுத்த வீட்டு வாசலில் நின்றதே இல்லை. மறுநாள் நோட்டு எடுத்துக்கொண்டு போனேன். 34 குடிசைகள். சான்றிதழ் இருந்தது மூன்று பேரிடம்.

ஏன் என்று கேட்டால் ஒவ்வொரு வீட்டிலும் அதே சங்கிலி. பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குப் புறப்படுவார்கள். ஆடிக்கு முன்தான் திரும்புவார்கள். பிள்ளைகளும் கூடவே போவார்கள். அந்த ஆறு மாதமும் பள்ளி போச்சு. மழைக்காலத்தில் ஊரில் வேலை இருக்காது, அடுப்பு எரியாது. அப்போது மேஸ்திரி வந்து அடுத்த சீசனுக்கு அட்வான்ஸ் கொடுப்பார். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. சீசன் முடிவில் கணக்குப் பார்த்தால் ‘பழைய பாக்கி’ என்று ஒரு தொகை நிற்கும். அதைக் கழிக்க அடுத்த வருஷமும் அதே சூளை. பள்ளிக்கூடம் இல்லாததால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாததால் படிப்பு ஏறவில்லை. படிப்பு ஏறாததால் சூளை.

இதற்கு நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1976-ம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இப்படிப்பட்ட கடனையே செல்லாது என்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லிவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருளர்கள் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர். மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று மாநிலத்தில் பட்டியலிடப்பட்ட ஆறு இனங்களில் ஒன்று. ஆனால் ஏரிக்கரையில் இருந்த 34 குடிசைகளில் இந்தப் பட்டியலும் சட்டமும் யாருக்கும் தெரியாது. நானே புத்தகத்தில் பார்த்ததுதான்.

புது மனுவில் பொருள் மாறியது: ‘ஏரிக்கரைக் குடியிருப்பில் வசிக்கும் இருளர் குடும்பங்கள் அனைத்துக்கும் நேரடி விசாரணை நடத்திப் பழங்குடியினர் சான்றிதழ் வழங்கக் கோருதல்.’ எழுதி முடித்ததும் எனக்கு லேசாக வயிற்றைக் கலக்கியது. முன்பு எழுதியதில் யாரும் என்மேல் கோபப்பட முடியாது. இதில் முடியும்.

பெறுநர்

மனுவை யாருக்கு எழுதுவது என்பதைக் கற்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார், கோட்டாட்சியர் என்று ஏணி எனக்கு மனப்பாடம். எந்தப் படியில் காகிதம் உட்கார்ந்துகொள்கிறது என்பது தெரியாது. “எந்த மேசையில தூங்குதுன்னு தெரிஞ்சாத்தான் எந்தக் கதவைத் தட்டறதுன்னு தெரியும்” என்பார் அக்கா.

கீழே இருப்பவர்களைத் திட்டுவது சுலபம். மூன்று கிராமங்களைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வி.ஏ.ஓ. என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: “மேடம், இவங்க இருளருன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா ஆதாரம் இல்லாம எழுதிட்டு நாளைக்கு விசாரணை வந்தா மாட்டறது நான்தான்.” அவர் பொய் சொல்லவில்லை. போலிச் சான்றிதழ்களைத் தடுக்கப் போட்ட விதிகள் உண்மையானவர்களின் கழுத்தில் வந்து விழுந்திருந்தன. இன்னொரு மேசையில், விசாரணைக்கு வந்த ஒருவர் பெரியவரைப் பார்த்து, “இருளர்னா பாம்பு புடிச்சுக் காட்டு பாக்கலாம்” என்றார். கேட்டவர் இருளரைப் பற்றி முந்தைய வருஷம் வந்த ‘ஜெய் பீம்’ படத்தைப் பார்த்துக் கண் கலங்கியதாகவும் சொன்னார். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை அடுத்து இருளர்கள் நம்பியிருந்த பாம்புத் தோல் வியாபாரமே நின்றுபோனதும், பேத்தியின் அப்பா பாம்பைத் தொட்டதே இல்லை என்பதும் அங்கே எடுபடவில்லை.

அக்கா தகவல் உரிமை மனு எழுதச் சொன்னார். இந்தக் கோட்டத்தில் பழங்குடியினர் சான்றிதழ் கேட்டு வந்த விண்ணப்பங்கள் எத்தனை, நிலுவை எத்தனை, நிராகரித்தவை எத்தனை, காரணம் என்ன. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினேன். முப்பது நாளில் பதில் வர வேண்டும். ஸ்டாம்பை ஒட்டும்போது அக்கா அந்தப் பத்து ரூபாயின் கதையைச் சொன்னார்.

சென்னையில் பிறந்த அருணா ராய் 1975-ல் ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டு ராஜஸ்தானின் திலோனியாவில் சமூகப் பணிக்குப் போனார். பிறகு தேவ்துங்க்ரி கிராமத்தில் ஒரு மண் வீட்டில் குடியேறி, 1990-ல் கிராம மக்களோடு மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டனைத் தொடங்கினார். பஞ்சக் காலப் பணிகளில் கூலி குறைத்துக் கொடுக்கப்பட்டது. ஏன் என்று கேட்டால், வருகைப் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். அந்தப் பதிவேட்டைக் காட்டு என்பதுதான் அவர்களின் கோரிக்கை. 1994 டிசம்பரில் கோட் கிரானாவில் மக்களைக் கூட்டி வைத்து ஆவணங்களை உரக்கப் படித்தார்கள். 1996-ல் பியாவர் நகரத்தில் நாற்பது நாள் உட்கார்ந்தார்கள். 2005-ல் அந்தக் கோரிக்கை நாடு முழுவதற்குமான தகவல் உரிமைச் சட்டம் ஆனது.

“அவங்க ஒவ்வொரு கூலியாளுக்கும் தனித்தனியா மனு எழுதிக்கிட்டே இருந்திருந்தா, இந்தப் பத்து ரூவா ஸ்டாம்பு உனக்குக் கிடைச்சிருக்காது” என்றார் அக்கா.

எங்களுக்கு வந்த பதில்: ‘தாங்கள் கோரும் தகவல் தொகுத்துப் பராமரிக்கப்படவில்லை.’ நான் சோர்ந்துபோனேன். அக்கா அதை நாலு பிரதி எடுக்கச் சொன்னார். எத்தனை பேருக்குத் தரவில்லை என்ற கணக்கே அவர்களிடம் இல்லை என்று அவர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்களே, இதைவிட நல்ல ஆதாரம் ஏது என்றார்.

நகல்

பிரதிகளோடு ஒரு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போனோம். பத்துப் பன்னிரண்டு பெண்கள், இரண்டு கைக்குழந்தை. வாசலில் ஓர் அலுவலர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நீங்க காலேஜ் ஸ்டூடன்ட். சோஷியல் ஒர்க் பண்ணுங்க, நல்ல விஷயம். ஏன் கூட்டம் சேர்த்துட்டு வர்றீங்க? அரசியல் பண்ணாதீங்கம்மா.”

அந்த வாரத்துக்குள் அதே பேச்சு வேறு இரண்டு வாயிலிருந்து வந்தது. களப்பணி அறிக்கையைப் பார்த்த ஆசிரியர், “நியூட்ரலா இரு. உன் வேலை க்ளையன்ட்டுக்கு உதவறது” என்றார். தொண்டு நிறுவனச் செயலாளரோ வெளிநாட்டு நிதியை நினைத்து நடுங்கினார். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20-க்குக் குறைத்திருந்தார்கள். பதிவு ரத்தாகிவிட்டால் பத்துப் பேரின் சம்பளம் போகும். அவர் பயந்ததில் தப்பு இல்லை.

அந்த இரவு நான் பாடப் புத்தகத்தை வேறு கண்ணோடு பிரித்தேன். சமூகப் பணியாளர்களின் பன்னாட்டு அமைப்பு 2014-ல் ஏற்ற வரையறையில் சமூக மாற்றம், மக்களின் விடுதலை என்ற சொற்கள் வெளிப்படையாகவே இருக்கின்றன. அமெரிக்கச் சங்கத்தின் நெறிமுறை 1960-ல் முதலில் வந்தது. 1996-ல் திருத்தி எழுதியபோது ‘சமூக, அரசியல் செயல்பாடு’ என்று தனிப் பிரிவே வைத்து அதைக் கடமை ஆக்கினார்கள். நம் நாட்டில் வக்கீலுக்கும் டாக்டருக்கும் இருப்பதுபோல் சமூகப் பணியாளருக்கென்றே சட்டப்படி ஒரு தனிக் கவுன்சில் கிடையாது. தப்புச் செய்தால் உரிமத்தைப் பிடுங்க ஆளில்லை. சரியானதைச் செய்து மாட்டிக்கொண்டால் காப்பாற்றவும் ஆளில்லை.

தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்த ஜேன் ஆடம்ஸையும் நூலகத்தில் தேடிப் படித்தேன். 1889-ல் சிகாகோவின் ஏழைத் தெருவில் ஹல் ஹவுஸைத் தொடங்கியவர். தெருவில் குப்பை மலையாகக் கிடந்தது, குழந்தைகள் செத்தார்கள். நோயுற்ற குழந்தைக்கு மருந்து கொடுத்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் குப்பை ஏன் அள்ளப்படவில்லை? நகராட்சியோடு மல்லுக்கட்டி 1895-ல் தன் வார்டுக்குக் குப்பை ஆய்வாளர் வேலையையே வாங்கிக்கொண்டு, விடியற்காலையில் வண்டிகளின் பின்னால் போனார். அந்த வார்டை ஆட்டிப்படைத்த உறுப்பினரைத் தோற்கடிக்க 1896-லும் 1898-லும் வேலை செய்தார். இரண்டு முறையும் தோற்றார். 1931-ல் நோபல் அமைதிப் பரிசு பெற்றவர் என்று மட்டுமே எங்கள் நோட்ஸில் இருந்தது.

அக்காவிடம் சொன்னபோது, “அவ்வளவு தூரம் போவானேன்?” என்றார். 1927-ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் போன டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெண்களுக்கு அவ்வை இல்லமும் நடத்தினார், பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க மசோதாவும் கொண்டுவந்தார். சட்டம் வர 1947 ஆனது. “இல்லம் மட்டும் போதும்னு இருந்திருந்தா, வந்துக்கிட்டே இருக்கற பொண்ணுங்களுக்குப் பாய் விரிச்சுப் போட்டே அவங்க காலம் முடிஞ்சிருக்கும்.”

செயலாளருக்கும் அக்கா ஒரு நகல் கொடுத்தார். 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இன்சாஃப் அமைப்பின் வழக்கில் கொடுத்த தீர்ப்பு அது. கட்சி அரசியலில் இறங்காமல், பொதுப் பிரச்சினைக்காகச் சட்டத்துக்கு உட்பட்டுப் போராடுவதாலேயே ஓர் அமைப்பை ‘அரசியல் தன்மை கொண்டது’ என்று முத்திரை குத்தி வெளிநாட்டு நிதியை மறுக்க முடியாது என்று அது சொல்கிறது. செயலாளர் அதை இரண்டு முறை படித்தார். பயம் முழுக்கப் போகவில்லை. “பேனர்ல நம்ம பேரு வேணாம்” என்றார். அக்கா ஒத்துக்கொண்டார். “நம்ம பேரு எப்பவும் வேணாம்தான்.”

அக்கா தனக்கென்று வைத்திருந்த எல்லைகள் கறாரானவை. எந்தக் கட்சிக் கொடியின் கீழும் குடியிருப்பு மக்களைக் கொண்டுபோய் நிறுத்தமாட்டார். ரேஷன் கார்டு வாங்கிக் கொடுத்த வீட்டில் யாருக்கு ஓட்டு என்று பேசமாட்டார். “நமக்குக் கடன்பட்டவங்ககிட்ட ஓட்டு கேக்கறதும் மேஸ்திரி அட்வான்ஸ் குடுக்கறதும் ஒண்ணுதான்.” ஆனால் எல்லாக் கட்சிக்காரரையும் பார்த்துப் பேசுவார். எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் காத்திருப்பார். ‘நியூட்ரல்’ என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் சிரிப்பார். “தராசுல ஒரு பக்கம் கல்லு வெச்சிருக்கான். நடுவுல கையைக் கட்டிக்கிட்டு நின்னா தராசு நேராயிடுமா?”

கையொப்பம்

இவ்வளவும் தலைக்கு ஏறியதில்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

செப்டம்பரில் ஓர் உள்ளூர் நிருபர் பழக்கமானார். சூளை, அட்வான்ஸ், பழைய பாக்கி என்று என் நோட்டில் இருந்த எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். அக்காவிடம் கேட்கவில்லை; குடியிருப்பில் இருந்தவர்களிடமும் கேட்கவில்லை. அவர்களுக்காகத்தானே செய்கிறேன் என்று நினைத்தேன். மாவட்டப் பக்கத்தில் செய்தி வந்தது. ‘கொத்தடிமைகளாய் வாடும் இருளர்கள்’ என்று தலைப்பு. குடிசைகளின் படம், பெரியவரின் முகம், பக்கத்தில் குறிப்பேட்டோடு நான். அன்று முழுவதும் தோழிகள் செல்போனில் வாழ்த்தினார்கள்.

மூன்றாம் நாள் மேஸ்திரி பைக்கில் வந்தார். சத்தம் போடவில்லை. இந்த வருஷம் இந்தக் குடியிருப்புக்கு அட்வான்ஸ் கிடையாது, பழைய பாக்கியை எண்ணி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மழை தொடங்கும் நேரம். அக்கம்பக்கத்து நிலக்காரர்களும் களையெடுக்கக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். நான் அடுத்த வியாழக்கிழமை போனபோது குடியிருப்பில் யாரும் முகம் கொடுக்கவில்லை. பெரியவர் மட்டும் வந்து நின்றார்.

“நீங்க படிப்பு முடிச்சுட்டுப் போயிருவீங்க சாமி. நாங்க இந்த ஏரிக்கரையிலதான கெடக்கணும்?”

என்ன பதில் சொல்வது? அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நடந்ததை ஒரு வரி விடாமல் களப்பணிப் பதிவேட்டில் எழுதச் சொன்னார். எழுதும்போதுதான் விளங்கியது. அந்தச் செய்தியின் கீழே கண்ணுக்குத் தெரியாமல் 34 வீடுகளின் கையொப்பம் இருந்தது. அதைப் போட்டவள் நான். விலையைக் கொடுப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் இன்னொருவர் என்றால் அதற்கும் சூளைக் கணக்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மறுவாரம் குடியிருப்பின் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். முதலில் நான் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அக்கா எல்லாவற்றையும் மறைக்காமல் எடுத்து வைத்தார். பழைய பாக்கி சட்டப்படி செல்லாது. புகார் கொடுத்தால் கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்றிதழ் தரலாம். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உண்டு. ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரையிலான மறுவாழ்வுத் தொகையை வழக்கின் போக்கோடு கட்டி வைத்திருக்கிறார்கள், இழுக்கும். பழங்குடியினர் என்பதால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம். ஆனால் அடுத்த வருஷம் எந்தச் சூளையும் கூப்பிடாமல் போகலாம்.

அவர்கள் பேசினார்கள். நாங்கள் எழுந்து ஏரிப் பக்கம் போய்விட்டோம். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். முடிவைச் சொன்னது பேத்தியின் அம்மா. “சூளை வெவகாரம் இப்ப வேணாம். மொதல்ல சர்ட்டிபிகேட்டு. அது கைக்கு வந்தா புள்ளைங்க சூளைக்கு வராது. நாங்க எங்க கணக்க அப்பால பாத்துக்கறோம்.”

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கண்ணெதிரே ஒரு சட்ட மீறல், கையில் சட்டம். வழியில் அக்காவிடம் முறையிட்டேன். அவரும் சந்தோஷமாக இல்லை. “நான் சரியாத்தான் செய்யறேனான்னு எனக்கே தெரியல. ஆனா அவங்க அடுப்பை வெச்சு நான் சூதாட மாட்டேன்” என்றார். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் முடியவில்லை.

அனுப்புநர்

அக்டோபர் 2, கிராம சபை. ஏரிக்கரையில் இருந்து அதுவரை யாரும் பேசப் போனதில்லை. வேலை உறுதித் திட்டப் பெண்களைக் கையெழுத்துக்காகக் கூப்பிடுவதோடு சரி. இரண்டு வாரம் நாங்கள் வேப்பமரத்தடியில் ஒத்திகை பார்த்தோம். நான் ஊராட்சித் தலைவர், பேத்தியின் அம்மா அவராகவே. கையெழுத்தை முதலில் போடக் கூடாது, தீர்மானப் பதிவேட்டில் வரி ஏறின பிறகுதான் போட வேண்டும் என்பதை அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார்.

நாளன்று எனக்கு ஒரே கட்டளை: பின்சுவர் ஓரமாக நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. “வாயை மூடிக்கிட்டு நிக்கறதும் இந்தத் தொழில்ல ஒரு வேலைதான். அதுதான் கஷ்டமான வேலை.”

குடிநீர், தெருவிளக்கு, கால்வாய் என்று பேச்சு போனது. ஏரிக்கரைப் பெண்கள் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பேத்தியின் அம்மா இரண்டு முறை எழுந்து, இரண்டு முறையும் யாரோ பேசத் தொடங்கவே உட்கார்ந்தார். என் நாக்கு நுனியில் சொற்கள் துடித்தன. மூன்றாவது தடவை எழுந்தவர் உட்காரவில்லை.

“எம்பொண்ணு பன்னெண்டாவது முடிச்சிருக்குது. சர்ட்டிபிகேட்டு இல்லாம ஊட்ல குந்தியிருக்குது. ஆபீசருங்க எங்களப் பாத்து நீங்க இருளருதானான்னு கேக்கறாங்க. ஓட்டு கேக்க வந்தப்ப உங்களுக்குத் தெரிஞ்சிது. தண்ணி மொண்டு குடிக்கக் கூடாதுன்னு சொல்றப்பத் தெரிஞ்சிது. அதையே எழுதிக் குடுங்க. நாங்க யாருன்னு ஊரு சொல்லட்டும்.”

ஒத்திகையில் இந்த வார்த்தைகள் எதுவுமே இல்லை. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தலைவர் கனைத்துக்கொண்டார். ஒரு முதியவர், “உண்மைதானே, எங்கப்பன் காலத்துலேர்ந்து ஏரிக்கரையில இருளருங்கதான்” என்றார். ஏரிக்கரைக் குடியிருப்பில் வசிப்போர் இருளர் இனத்தவர் என்பதை இச்சபை அறியும், அவர்களுக்குச் சான்றிதழ் வழங்க அரசைக் கோருகிறது என்று பதிவேட்டில் ஏறியது. அதற்குப் பிறகு அவர்கள் கைநாட்டு வைத்தார்கள்.

அந்தத் தீர்மானத்தின் நகலோடு கோட்டாட்சியருக்குப் புது மனு போனது. அனுப்புநர் என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. “சீல் வாங்காம வராதீங்க” என்று அக்கா சொல்லி அனுப்பினார். சீலோடும் எண்ணோடும் வந்தார்கள். நவம்பர் கடைசியில் கோட்டாட்சியரே ஏரிக்கரைக்கு வந்து அரை நாள் விசாரித்தார். பொங்கலுக்கு முன் 19 வீடுகளுக்குச் சான்றிதழ் கிடைத்தது. மற்றவை ‘பரிசீலனையில்’ என்றார்கள். பேத்திக்கு அந்தக் கல்வியாண்டு போனது போனதுதான். அடுத்த ஆண்டு சேர்ந்தாள். பொங்கல் கழிந்ததும் பாதிக் குடிசைகள் பூட்டிக் கிடந்தன. வேறு மேஸ்திரி, வேறு சூளை. பள்ளிப் பிள்ளைகள் சிலர் மட்டும் பாட்டிகளோடு தங்கினார்கள்.

என் களப்பணிக்கு நல்ல மதிப்பெண் வந்தது. பத்திரிகைச் செய்தி பற்றிய பக்கத்தில் ஆசிரியர் பென்சிலால் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்.

போன வருஷம் அந்தப் பக்கம் போயிருந்தேன். ஏரிப் புறம்போக்கில் பட்டா தர மாட்டார்கள் என்பதால் மாற்று இடம் கேட்டு மனு தயாராகிக்கொண்டிருந்தது. எழுதிக்கொண்டிருந்தவள் பேத்தி. ஒருகாலத்தில் ‘மிஸ்’ என்றவள் இப்போது ‘அக்கா’ என்கிறாள். படித்துப் பார்க்கச் சொல்லி நீட்டினாள். பொருள் தெளிவாக இருந்தது. இணைப்புகளுக்கு எண் போட்டிருந்தாள். மூன்றாவது வரியில் ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்’.

என் கை தானாகப் பேனாவின் மூடியைத் திறந்துவிட்டது.

“இருக்கட்டும்க்கா” என்றாள். “இந்த ஆபீசருக்கு அந்த வார்த்தை இல்லாட்டி காகிதத்தக் கையில வாங்க மாட்டாரு. கூட்டத்துல பேசி முடிவு பண்ணித்தான் போட்டோம். கடைசிப் பக்கம் பாருங்க.”

திருப்பினேன். ஆட்சியரில் தொடங்கித் தேசியப் பழங்குடியினர் ஆணையம் வரைக்கும் நகல் ஐந்து பேருக்கு. அதன் கீழே 34 வீட்டுக் கையெழுத்துகள். கைநாட்டு பாதிக்கும் குறைவு.

பேனாவை மூடினேன். தாகமாக இருக்கிறது, தண்ணீர் கொடு என்றேன்.